மூன்றாவது கரண்டி

மேற்கு ஜெர்மனி
18 அக்டோபர் 1970

போபேயின் அம்மாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் குழந்தையும் சுகமா? போபேக்கு இரைப்பு எப்படி இருக்கிறது? மோக்போவில் கடல்காற்று இந்நேரம் குளிர ஆரம்பித்திருக்கும். கழுத்தில் துணி சுற்றாமல் அவளை வாசலுக்கு விடாதே.

மீன் ஏலத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன், ஒரு மாதம் கருங்கல்லில் உள்ளங்கையை உரசிக் காய்ப்பு வரவழைத்து, "நான் சுரங்கத் தொழிலாளி" என்று பொய் சொல்லி இங்கே வந்தேன் அல்லவா? முதல் நாளே ஆயிரம் மீட்டர் கீழே இறக்கிவிட்டார்கள். காய்ப்பு எதற்கும் உதவவில்லை. வாந்தி எடுத்தேன். என் அறையில் கூட இருப்பவன் ஹ்வாங். கங்வோன் மலைக்காரன், நிஜமான சுரங்கத் தொழிலாளி. அவன்தான் முதுகைத் தடவிவிட்டான்.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். நீ விடியற்காலை ஜெபத்துக்கு உட்காரும் நாலரை மணி இங்கே முந்தின நாள் இரவு எட்டரை. சாப்பிட்டு முடித்துக் கட்டிலருகே மண்டியிட்டேன். ஹ்வாங் பார்த்துவிட்டு, "என்னய்யா, எதையாவது தொலைச்சிட்டியா? கட்டிலுக்கடியில நானும் தேடவா?" என்று குனிந்து பார்த்தான். "கர்த்தாவே" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. உன் அப்பாவுக்குப் பயந்து ஞானஸ்நானம் எடுத்தவன் நான், உனக்குத் தெரியாததா? நம் ஊர் ஆலயத்தில் எல்லோரும் கண்ணீர் விட்டு மன்றாடும்போது நான் அவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

தினமும் தனியாக உட்கார்ந்து என்னதான் பேசுவது? எழுது.

போபேயின் அப்பா,
தொக்-மான்


மோக்போ
8 நவம்பர் 1970

போபேயின் அப்பாவுக்கு,

கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. இங்கே இருவரும் சுகம். போபேக்கு இரண்டு நாளாக லேசான இரைப்பு, பயப்படும்படி இல்லை. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அங்கே நம் கிம்சி ஊறுகாய் கிடைக்காதே என்பதுதான் என் கவலை.

செருப்பு எண்ணிய கதையைப் பக்கத்து வீட்டு யாங் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அதான பாத்தேன்! அந்த மனுசன் கண்ண மூடி நான் ஒரு நாளும் பாத்ததில்ல" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் காலை ஊரடங்கு முடியும் நாலு மணிச் சங்கு ஓய்ந்து, படி ஏறி ஆலயத்துக்குப் போகும் வழியெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன். காலையில் அரிசி களைவதற்கு முன் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக் காணிக்கைப் பையில் போடுகிறேன் அல்லவா, அவ்வளவுதான் என் ஜெபம். முதல் கரண்டிக்கு உங்கள் பெயர். இரண்டாவதற்கு என் பெயர். மூன்றாவதற்கு போபே. பெயரைச் சொல்லும்போதே அந்த ஆளின் முகம் வந்துவிடும். முகம் வந்தால் என்ன கேட்க வேண்டும் என்பதும் வந்துவிடும். வராவிட்டாலும் குற்றமில்லை. பெயரைச் சொன்னால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

நேற்று போபே பக்கத்தில் நின்று, "அப்பாவுக்கு ரெண்டு கரண்டி போடும்மா, அவரு நெறைய சாப்பிடுவாரு" என்றாள். அப்படியே போட்டேன்.

அங்கே அரிசி இல்லை, வெறும் உருளைக்கிழங்குதான் என்று அங்கே வந்திருக்கும் மற்றவர்கள் வீட்டுக்கு எழுதியிருக்கிறார்கள். உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நீங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

போபேயின் அம்மா,
சுன்-ரே


மேற்கு ஜெர்மனி
6 டிசம்பர் 1970

போபேயின் அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் இருவர் நலத்துக்கும் தினமும் எட்டரை மணிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னது பலிக்கிறது. முதலில் மூன்று பெயர் சொன்னேன். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எழுந்தால் ஹ்வாங் கேலி செய்வானே என்று அவன் பெயரையும் சேர்த்தேன். பிறகு அவன் ஊரில் விட்டு வந்த அம்மா. பிறகு எங்கள் மேஸ்திரி, மீசைக்கார ஜெர்மன்காரன். எதற்கெடுத்தாலும் கத்துவான். அவன் பெயரைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். பத்து நாள் ஆனபிறகு பல் தானாக விட்டுக்கொடுத்தது. ஒரு நாள் மண்டியிட்டபடியே தூங்கிவிட்டேன். விழித்தபோது என்மேல் கம்பளி கிடந்தது. "ஒங்க சாமி போத்திவிட்டிருப்பாரு" என்று ஹ்வாங் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இங்கே சுரங்கத்துக்குள் இறங்குகிறவனைப் பார்த்து "நல்லபடியா மேல வா" என்று சொல்வதுதான் வணக்கம். எதிர்ப்படுகிற ஒவ்வொருவனும் சொல்கிறான். முன்பு பதிலுக்கு முனகுவேன். இப்போது அதுவும் ஒரு ஜெபம் மாதிரி இருக்கிறது.

மார்ச்சில் போபே பள்ளிக்கூடம் போகிறாளே, அவளுக்கு இங்கிருந்து தோல் காலணி வாங்கி அனுப்ப வேண்டும். ரப்பர் காலணியோடு முதல் நாள் போக வேண்டாம். அவள் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பு.

போபேயின் அப்பா


மோக்போ
10 ஜனவரி 1971

போபேயின் அப்பாவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். நீங்கள் சுகம் என்று அறிந்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

கால் அளவு இத்துடன் இருக்கிறது. பென்சில் விரல் இடுக்கில் போனபோது கூச்சம் தாங்காமல் இழுத்துக்கொண்டாள். அதனால்தான் கட்டைவிரல் பக்கத்தில் கோடு கோணல். "அப்பாகிட்ட சொல்லு, செவப்புதான் வேணும்" என்கிறாள். சொல்லிவிட்டேன்.

இதை எழுதாமல் விட முடியாது. புது வருஷத்திலிருந்து அவளுக்கு இரைப்பு அதிகம். அடுப்புக் கரிப்புகை ஆகவில்லையோ என்று கரியைக் குறைத்தேன். அறை குளிர்ந்து சளி இறங்கிவிட்டது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். ஊசி போடுகிறார்கள். தூங்கும்போது உட்கார வைத்துத்தான் தூங்க வைக்க வேண்டியிருக்கிறது. என் முதுகில் கட்டிக்கொண்டால் கொஞ்சம் அடங்குகிறது. ஆறு வயதுப் பெண், கால் என் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது.

உங்களுக்கு என்ன வேலை இருந்தாலும் எட்டரை மணியை விட்டுவிடாதீர்கள்.

போபேயின் அம்மா


மேற்கு ஜெர்மனி
6 பிப்ரவரி 1971

போபேயின் அம்மாவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. அவள் எப்படி இருக்கிறாள்? இந்தக் கடிதம் வந்து சேரும் நாளில் எப்படி இருப்பாள்? நாலு வாரம் பழைய செய்தியை வைத்துக்கொண்டு நான் எதைக் கேட்பது?

எட்டரை மணி என்பதெல்லாம் போய்விட்டது. காலையில் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏறும்போதும் ஜெபிக்கிறேன், கீழே கரி வெட்டும்போதும் ஜெபிக்கிறேன். தூசியில் இருமல் வரும்போதெல்லாம் "அவளுக்குப் பதிலாக எனக்கு" என்கிறேன். அந்தக் கால் படத்தைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஐந்து விரலையும் பார்த்துக்கொண்டு கேட்கிறேன்.

உன்னிடம் மறைக்க வேண்டாம். நேற்று நான் அவரிடம் பேரம் பேசிவிட்டேன். "கர்த்தாவே, இவளை எழுப்பிவிடும், சாகும்வரை தினமும் மண்டியிடுவேன். எழுப்பாவிட்டால் இந்த முழங்கால் உமக்காக இனி மடங்காது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஹ்வாங்கே பயந்துபோனான். "யோவ், அப்பிடியெல்லாம் சொல்லாதய்யா. எந்தச் சாமிகிட்டயும் அப்பிடிப் பேசக் கூடாது" என்றான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. தினமும் பேசு, நண்பரிடம் பேசுவதுபோல் பேசு என்று ஆலயத்தில் சொல்வார்களே. பேசினேன். இனி அவர் பதில் சொல்லட்டும்.

உடனே எழுது.

போபேயின் அப்பா


மோக்போ
11 ஏப்ரல் 1971

உங்களுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன.

இருமல் நின்றுவிட்டது. ஊசியும் இப்போது இல்லை, மருந்தும் இல்லை. குழந்தை படுத்தபடியே நிம்மதியாகத் தூங்குகிறாள். பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் அனுப்பவில்லை.

இங்கே மலைமேல் மஞ்சள் பூ பூத்துவிட்டது. யாங் அக்கா என்னோடு கூடவே இருக்கிறாள். நான் தினமும் விடியற்காலை ஜெபத்துக்குப் போகிறேன். நாலரை மணி ஆனதும் உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் ஜெபத்தை நிறுத்த வேண்டாம். இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுன்-ரே


மேற்கு ஜெர்மனி
30 ஏப்ரல் 1971

போபேயின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைச் சுரங்க வாசலிலேயே பிரித்தேன். "இருமல் நின்றுவிட்டது" என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. முகமெல்லாம் கரி, அதில் கண்ணீர் இரண்டு கோடு போட்டுவிட்டது. மேஸ்திரி என்னைப் பார்த்துப் பதறி, ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டான். எனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் வார்த்தையில் "பிள்ளை நல்லா இருக்கு" என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். இவனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டா ஜெபித்தேன் என்று வெட்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க்காரர்கள் கூடும் ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னேன். நான்! செருப்பு எண்ணியவன்! முப்பது பேர் "ஆமென்" என்றார்கள். ஹ்வாங்கூட வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அவரிடம் கொடுத்த வாக்கு வாக்குதான். சாகும்வரை மண்டியிடுவேன். இப்போது கடனுக்காக அல்ல, பிரியத்தோடுதான்.

பள்ளிக்கூடம் அடுத்த வருஷம் போகட்டும், அவசரமில்லை. ஆனால் காலணியை இப்போதே வாங்கிவிடுகிறேன். ஜனவரியில் அனுப்பிய அளவு இனிச் சரிப்படாது, படுத்துக் கிடந்த பிள்ளைகள் எழுந்ததும் சட்டென்று வளரும். புதிதாக வரைந்து அனுப்பு. கூச்சப்பட்டால் பிடித்துக்கொண்டு வரை.

போபேயின் அப்பா


மோக்போ
20 ஜூன் 1971

உங்களுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். மழைக்காலம் தொடங்கிவிட்டது. சுவரெல்லாம் ஈரம்.

நீங்கள் கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். தாமதமாகிவிட்டது.

முந்தாநாள் ஜூன் பதினெட்டு அல்லவா? கடற்பாசி ரசம் வைத்தேன். கூட மாட்டிறைச்சி கொஞ்சம் கிடைத்தது. அவள் பிறந்தநாளுக்கு ரசம் வைக்காமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் சுரங்கத்தில் கவனமாக இருங்கள். எட்டரை மணியை மறக்காதீர்கள்.

சுன்-ரே


மேற்கு ஜெர்மனி
8 ஜூலை 1971

போபேயின் அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா? சாப்பிட வேண்டும். யாங் அக்காவை எப்போதும் கூடவே வைத்துக்கொள். கரி அடுப்பைக் குறைக்காதே, உனக்கும் ஈரம் ஆகாது.

தாள் வந்து சேர்ந்தது. காலணி பற்றிக் கவலைப்படாதே. தபாலில் அனுப்பினால் தொலைந்துபோகும். நான் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எட்டரை மணிக்கு உட்காருகிறேன். இப்போதெல்லாம் ஒன்றும் கேட்பதில்லை. பெயர்களைச் சொல்கிறேன். உன் பெயர், போபே பெயர், ஹ்வாங், அவன் அம்மா, மேஸ்திரி. சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறேன். சில நாள் அவர்மேல் வருத்தமாக இருக்கிறது, அதையும் அவரிடமே சொல்கிறேன். சில நாள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறேன். ஆனால் எழுந்து போவதில்லை. நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

எதையும் எழுத அவசரப்பட வேண்டாம். எழுதும்போது எழுது. எவ்வளவு நாள் ஆனாலும் நான் இங்கேதான் இருப்பேன்.

போபேயின் அப்பா


மோக்போ
12 செப்டம்பர் 1971

உங்களுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதைத் தனியாக இருக்கும்போது வாசிக்காதீர்கள். ஹ்வாங் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது வாசியுங்கள்.

போபே போய்விட்டாள். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. ஆஸ்பத்திரி நடையில் என் முதுகில் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். இரைப்பு நின்றுவிட்டது. அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று நினைத்து, எழுப்பிவிடக் கூடாதே என்று மெதுவாக நடந்தேன். எவ்வளவு நேரம் அப்படி நடந்தேனோ தெரியாது. நர்ஸ்தான் வந்து அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

சின்னப் பிள்ளை என்றால் கல்லறை மேடு எழுப்புவதில்லை, பெற்றவர்கள் புதைக்க மலைக்குப் போவதில்லை என்று தெருவில் சொன்னார்கள். "என் சபைப் பிள்ளைக்கு மேடு உண்டு, அம்மாவும் வருவா" என்று போதகர் மின் பிடிவாதமாக நின்றார். நான் போனேன். உங்கள் பங்குக்கும் ஒரு பிடி மண் போட்டேன்.

மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. "எழுப்பாவிட்டால் இந்த முழங்கால் இனி மடங்காது" என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபிறகு எப்படிச் சொல்வேன்? மூன்று வருஷ ஒப்பந்தம், நடுவில் வர முடியாது. ஆயிரம் மீட்டர் கீழே இருட்டில் கர்த்தரும் இல்லாமல், பிள்ளையும் இல்லாமல் நீங்கள் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பொய் எழுதக் கூடாது என்று ஒவ்வொரு வரியையும் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு வரியும் பொய் இல்லை, ஆனால் முழுக் கடிதமும் பொய். நீங்கள் முப்பது பேர் முன்னால் எழுந்து சாட்சி சொன்னதை வாசித்து, அடுப்படியில் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன்.

ஜூனில் அனுப்பியது அவள் கால் இல்லை. அவள் ரப்பர் காலணியைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்தேன். ஒரு விரல்நுனி அளவு தள்ளியே வரைந்தேன், இத்தனை மாதத்தில் வளர்ந்திருப்பாளே என்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஜெபிக்கக் கற்றுக் கொடுத்தவள் நான். இந்த ஏழு மாதத்தில் நான் ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. வாய் திறக்கவில்லை. விடியற்காலை படி ஏறிப் போவேன், சுவரோரம் உட்காருவேன். இப்போது நீங்கள் அங்கே மண்டியிட்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு இருந்தது அது ஒன்றுதான். உங்கள் நன்மைக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. நீங்களும் எழுந்துவிட்டால் எனக்குப் போக இடமில்லை.

மூன்றாவது கரண்டியை என்ன செய்வது என்று தெரியாமல் போதகரிடம் கேட்டேன். "இறந்தவங்களுக்காக ஜெபிக்கிறது நம்ம வழக்கம் இல்லம்மா. அவ ஏற்கெனவே அவர்கிட்ட இருக்கா. இனி என்னத்தக் கேப்ப?" என்று அழுதுகொண்டே சொன்னார். இரண்டு நாள் இரண்டு கரண்டியோடு நிறுத்தினேன். மூன்றாம் நாள் கை தானாகப் போய்விட்டது. அதிலிருந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பெயர் சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டு போடுகிறேன்.

நீங்கள் தினமும் அவள் பெயரைச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இல்லாத பிள்ளைக்காக உங்களை மண்டியிட வைத்த பாவம் என்னுடையது. இதற்குமேல் தாங்க முடியவில்லை.

தெருவில் யாரும் இப்போது என்னைப் "போபே அம்மா" என்று கூப்பிடுவதில்லை. மனசு நோகும் என்று நினைக்கிறார்கள். யாங் அக்காகூட "இந்தாம்மா" என்றுதான் கூப்பிடுகிறாள். உங்கள் கடிதத்தின் முதல் வரியில் மட்டும்தான் நான் போபேயின் அம்மாவாக இருந்தேன். இதை எழுதிவிட்டால் அதுவும் போய்விடும் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

சுன்-ரே


மேற்கு ஜெர்மனி
30 செப்டம்பர் 1971

போபேயின் அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். முதலில் இதைச் சொல்கிறேன், நீ பயந்துகொண்டிருப்பாய் என்பதால். நீ சாப்பிடுகிறாயா?

எனக்கு ஜூலை மூன்றாம் தேதியிலிருந்தே தெரியும்.

உன் தாள் வந்ததும் பழைய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஹ்வாங் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, இதுல வெரலையே காணோம்? ஒம் பொண்ணு அஞ்சையும் மடக்கிக்கிட்டாளா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தேன். கோடு ஒரே வளைவாகச் சுற்றி வந்து சேர்ந்திருந்தது. எந்த இடத்திலும் கூச்சம் இல்லை, கோணல் இல்லை. அப்போதுதான் ஏப்ரலில் நீ "உங்களுக்கு" என்று ஆரம்பித்திருந்தது நினைவுக்கு வந்தது. பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஜூனிலும் அப்படித்தான். கீழே கையெழுத்திலும் அவள் பெயர் இல்லை. ஹ்வாங் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். அன்று முழுக்க அவன் என்னைத் தனியே விடவில்லை.

எட்டரை மணி ஆனது. நான் மண்டியிடவில்லை. சொன்னது சொன்னதுதான் என்று கட்டில்மேல் உட்கார்ந்திருந்தேன். அவர்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தை எழுத வார்த்தை இல்லை. சாட்சி சொல்ல வைத்து வேடிக்கை பார்த்தவர் என்றே நினைத்தேன். பிறகு உன் முகம் வந்தது. நீ சங்கு ஓய்ந்து, படி ஏறி, சுவரோரம் உட்கார்ந்து, நான் மண்டியிட்டிருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருப்பாய். எழுதாமல் மறைத்ததற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? பிள்ளையைத் தனியாக மண்ணில் வைத்துவிட்டு, என் முழங்காலைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாய். இறங்கி மண்டியிட்டேன். அன்று அவருக்காக அல்ல, உனக்காகத்தான். எனக்குத் தெரியும் என்று எழுதிவிட்டால் நீ படி ஏறுவதை நிறுத்திவிடுவாயோ என்று பயந்தேன். அதனால்தான் நானும் சொல்லவில்லை. முதல் வரியில் அவள் பெயரை எழுதும்போதெல்லாம் உனக்கு வலிக்குமே என்றுதான் நினைத்தேன். உனக்கு அது வேண்டியிருந்தது என்று தெரியாது.

இல்லாத பிள்ளைக்காக மண்டியிட வைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படி இல்லை. தெரிந்தேதான் மூன்று மாதமாக அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போதகர் சொல்வது சரியாக இருக்கும். நான் அவளுக்காக எதுவும் கேட்பதில்லை. பெயரைச் சொன்னால் போதும் என்று நீதானே எழுதினாய்? ஆறு வயது வரை அவளைக் கூப்பிட்ட வாய் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் பக்கத்தில் இருக்கிறாள் என்றால் அவருக்கும் அது கேட்கட்டும்.

அந்தப் பேரத்தில் நான் தோற்றுவிட்டேன். இருந்தும் முழங்கால் மடங்குகிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்மேல் இருக்கும் வருத்தம் தீரவில்லை, தினமும் சொல்கிறேன். ஹ்வாங் இப்போது என் பக்கத்தில் வந்து உட்காருகிறான். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்யா, சும்மா ஒக்காந்திருப்பேன்" என்கிறான். பல நாள் எங்கள் இருவரில் அவன் ஜெபம்தான் நன்றாக இருக்கிறது.

நீ சும்மா உட்கார்ந்திருந்ததையும் ஜெபம் இல்லை என்று சொல்லாதே.

மூன்றாவது கரண்டியை நிறுத்தாதே. நீ வாய் திறக்க வேண்டாம். ஆறு மணிக்குத்தானே அரிசி களைவாய்? இங்கே அப்போது இரவு பத்து. ஒன்பதுக்கே தூங்கி விழுகிறவன் நான், உனக்குத் தெரியும். இனி விழித்திருப்பேன். நீ அரிசியைப் போடு, பெயரை நான் சொல்கிறேன்.

போபேயின் அப்பா